மச்சானுக்கு இடமில்லாத வண்டி

நான் வாங்கப் போனது ஜீப். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போகிறார், சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. பஸ் வழியில் படுத்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஜீப்பை ஒரு காண்டிராக்டர் கேட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே மிச்சம் இருந்தவை ஒரு பியானோ, ஒரு கிழட்டு நாய், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு பச்சைக் கார். எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள் இருந்தன.

காரை வாங்கிவிட்டேன். கொண்டுபோன பணத்தோடு திரும்பினால் அப்பா அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார், பிறகு ஜென்மத்துக்கும் வெளியே வராது. காய்கறி லாரி ஓட்டத் தெரியும் என்பதால் இதுவும் தெரியும் என்று நினைத்தேன். லாரியில் உட்கார்ந்தால் ரோடு கீழே எங்கோ இருக்கும். இதில் ரோடு பக்கத்திலேயே இருந்தது. கையை வெளியே தொங்கப் போட்டால் சரளைக்கல் பொறுக்கலாம். மாட்டுவண்டிக்காரர்கள் என்னோடு பேச வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திக் குனிந்து பேசினார்கள்.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து பார்த்தார், மூடினார். பின்னால் டிக்கியைத் தட்டிப் பார்த்தார்.

“ஏலே, இதுல எருவாச்சும் ஏத்தலாமா?” என்று கேட்டார்.

ஏற்றலாம் என்றேன். மறுநாள் ஏற்றியும் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒன்றும் சொன்னதில்லை.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலை ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் வாங்கிக் கொடைக்கானல் சந்தையில் போடுவது எங்கள் தொழில். மொத்தச் சரக்கு லாரியில் போகும். மாதிரிச் சரக்கு, விதைப் பூண்டு, அவசரச் சரக்கு எல்லாம் என் பக்கத்து சீட்டில் போகும். ஒரு மட்டக்குதிரை இரண்டு மூட்டை சுமக்கும், இந்த வண்டி ஒன்றரை மூட்டை சுமக்கும். ஆனால் குதிரைக்குப் பெட்ரோல் வேண்டாம். துணி டாப் ஒரு பக்கம்தான் மூடும் என்பதால் மழை நாளில் இடது கையில் குடை பிடித்துக்கொண்டு வலது கையால் ஓட்டுவேன். கியர் மாற்றும்போது நனைவேன். சீசனுக்கு வருகிறவர்கள் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வார்கள். மெட்ராஸிலும் பம்பாயிலும் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் நான் பூண்டு மூட்டையோடு இருக்கிறேன்.

ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டியைக் கேட்டு வருவார்கள். எங்கள் பக்கத்தில் சீக்காளி தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கமில்லை, குறைந்தது நாலு பேர் போவார்கள். வண்டியில் ஒருவருக்குத்தான் இடம். ஆகவே சீக்காளி என்னோடு வருவார், மற்ற நாலு பேரும் பஸ்ஸில் வருவார்கள். சீக்காளி முதலில் போய்ச் சேர்ந்து, தனக்கு என்ன செய்கிறது என்று டாக்டரிடம் சொல்லத் தெரிந்தவர்கள் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பார். பாதிப் பேருக்கு அதற்குள் சரியாகிவிடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் ஆனது.

பெண் பண்ணைக்காடு. கீழ்மலை, காப்பியும் வாழையும் விளைகிற ஊர். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது இருவரும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள். எட்டு வயது மூத்த அண்ணன் ஒருவர்தான். சித்தப்பா என்று பேருக்கு ஒருவர் இருந்தார், அவரும் தனிக்கட்டை. அந்தப் பையன்தான் தங்கைக்குச் சோறு பொங்கி, தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பிறகு தோட்டத்தையும் பார்த்து, அவளைப் பெரியவளாக்கினார். தங்கையைக் கட்டிக்கொடுக்காமல் தனக்குக் கல்யாணமில்லை என்று இருந்தவர். அப்புறமும் ஏனோ செய்துகொள்ளவில்லை.

கல்யாணம் பண்ணைக்காட்டில் முடிந்தது. எங்கள் ஆட்கள் ஒரு பஸ் பேசி வந்திருந்தார்கள், அதிலேயே திரும்பினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் என் காரில். அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரியத்துக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயன்பட்டது என்று நான் பெருமையாக இருந்தேன். அப்போது ஒரு பெரியவர், பெண்ணுக்குத் துணையாகப் பிறந்த வீட்டு ஆள் ஒருவர் கூடவே வரவேண்டும், அதுவும் அதே வண்டியில் வரவேண்டும் என்றார். பிறந்த வீட்டு ஆள் என்றால் மச்சான் ஒருவர்தான். வண்டியில் சீட்டு இரண்டுதான்.

பின்னால் டிக்கி மேல் சீர்ப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டியிருந்தோம். மச்சானை அதன்மேல் உட்காரச் சொன்னேன். அவர் ஏறி உட்கார்ந்தார். புது வேட்டி, புதுச் சட்டை, தலையில் புதுத் துண்டு.

பண்ணைக்காட்டிலிருந்து பெருமாள்மலை, அங்கிருந்து கொடைக்கானல், பஜாருக்குள் புகுந்து, மறுபடி மேல்மலை ரோடு. அரை நாள் பயணம். கொடைக்கானல் பஜாரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கடையை விட்டு வெளியே வந்து பார்த்துச் சிரித்தார்கள். நான் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். என் மனைவி வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவுகளில் நான் வண்டியைத் திருப்புகிற அழகில் சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

எங்கள் வாசலில் ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, வலது காலை வைத்து உள்ளே போனோம். மச்சானைச் சாப்பிடக் கூப்பிடலாம் என்று வெளியே வந்தால் ஆளைக் காணவில்லை. பாத்திர மூட்டையை அவிழ்த்து வாசலோரம் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸில் போய்விட்டார் என்று சொன்னார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அன்றோடு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீர் வரும். காப்பிக்கொட்டை, மலைவாழைத் தார், புடவை, எல்லாம் ஒழுங்காக பஸ் கண்டக்டர் கையில் வரும். அவர் வரமாட்டார். மச்சானை மூட்டையோடு மூட்டையாக ஏற்றிக்கொண்டு வந்தவன் என்று ஊரில் எனக்குப் பெயராகிவிட்டது. என் மனைவி இதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். நான் பேச்செடுத்தால், “போனவுக வரட்டும்” என்பாள். அந்தக் குரலில் இருந்த கோபம் என்மேல்தான் என்று வைத்துக்கொண்டேன். வேறு யார்மேல் இருக்க முடியும்?

பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதத்தில் அந்த வண்டியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால், சொந்தக் கார் வைத்திருப்பவனின் மனைவி உருளைக்கிழங்கு லாரியில் பிரசவத்துக்குப் போனாள். குழந்தைக்குத் தாய்மாமன் அரைஞாண் அனுப்பினார். அதுவும் கண்டக்டர்தான் கொண்டுவந்தார்.

இனிமேல்தான் சங்கடம். எங்களில் காது குத்துவதென்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அதுவும் ஒற்றைப்படை வயதில். முதல் வருஷம் தப்பினால் மூன்று, மூன்று தப்பினால் ஐந்து. முதல் வருஷம் தபால் கார்டு போட்டு அழைத்தேன். அவர் வரவில்லை. கார்டில் யாராவது தாய்மாமனை அழைப்பார்களா என்று பிறகு எல்லோரும் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். கார்டு போடும்போது பக்கத்தில் நின்றவர்களும் அவர்கள்தான்.

மூன்றாவது வயதில் நேரில் போய் அழைப்பது என்று முடிவு செய்திருந்தேன். அதற்குப் பத்து நாள் முன்னால் பெருமாள்மலையில் தெரிந்த ஒருவர், மந்தைக்கு நல்ல கிடா ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். கவுஞ்சியில் பிடித்தேன். பெரிய கிடா. டிக்கியில் அடங்காது, மேலே கட்டினால் குதித்துவிடும். பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, குளிருக்கு என் கம்பளியைப் போர்த்தி, இடுப்பில் ஒரு கயிறு போட்டேன். மரியாதையாக வந்தது. பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்தில், காப்பி மூட்டையோடு, என் மச்சான் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கிடாயைப் பார்த்தார். கிடாயும் அவரைப் பார்த்தது. வண்டியை நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியவில்லை. போய்விட்டேன்.

மூன்றாவது வயதில் அழைக்கப் போகவில்லை.

என் பெண் காதில் பட்டாணிப் பூவைச் செருகிக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். பையனா பெண்ணா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்கவில்லை, அவர்களுக்குக் காரணம் தெரியும், அது இன்னும் மோசம். யாராவது ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். என் மனைவி எதிர்த்துப் பேசுகிற ஜாதி இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூண்டுக் காட்டுக்குப் போய்விடுவாள், பொழுது சாயத்தான் வருவாள். அவளுக்கு உலகத்தில் பிறந்த சொந்தம் ஒன்றே ஒன்று. அது வந்து மடி கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் அவள் பெண் மூளிக் காதோடு இருக்கட்டும் என்று இருந்தாள். ஒரு வண்டியை வாங்கி இந்த வேலையைச் செய்து வைத்தோமே என்று எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது. விற்கவும் பார்த்தேன். இரண்டு சீட்டு வண்டியை மேல்மலையில் என்னைத் தவிர யார் வாங்குவார்கள்?

ஐந்தாவது வயதும் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அம்மா பொறுக்கமாட்டாமல் ஆசாரிக்குச் சொல்லி அனுப்பி, நாள் குறித்து, ஒன்றுவிட்ட மாமன் ஒருவரையும் பேசி வைத்துவிட்டாள். நான் அதை என் மனைவியிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் மன்னவனூரில் சோலி இருக்கிறதென்று தங்கிவிட்டேன். திரும்பி வந்த மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனால், அவள் பட்டுச்சேலை கட்டி, மடியில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கே இருந்த பூண்டு மூட்டையை இறக்கிக் கீழே வைத்திருந்தாள்.

“வெரசா எடுங்க” என்றாள்.

முறைப்படி அழைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டோடு போகவேண்டும். இரண்டு பேர், இரண்டு சீட்டு. அழைப்பதற்கு அந்த வண்டி அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அழைத்தவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குத்தான் இடமில்லை. இதை நான் சொல்லவில்லை. வழியில் பேசவேண்டியதை மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டே போனேன்.

மச்சான் களத்தில் காப்பிக்கொட்டையைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். “வாங்க மாப்பிள்ளை” என்றார். தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தட்டை வைத்துக்கொண்டு நின்றாள், நீட்டவில்லை.

நான் உருப்போட்டதைச் சொன்னேன். கல்யாணத்தன்று அவரைப் பின்னால் உட்காரவைத்தது என் தப்பு, சின்ன வயசு, புது வண்டி மோகம், மன்னிக்க வேண்டும் என்றேன். கிடாயைப் பற்றியும் விளக்க ஆரம்பித்தேன்.

“அதை விடுங்க மாப்பிள்ளை” என்றார். “மூட்டை மேல உக்காராம நான் என்ன பல்லக்குலயா வளந்தேன்? வத்தலக்குண்டுக்குக் காப்பி போனா மூட்டை மேல படுத்துத்தான் போவேன். அந்தக் கிடாகூட நல்ல கிடாதான்.”

ஆறு வருஷமாக நான் சுமந்த குற்றத்தை இவ்வளவு லேசாக ஒருவர் கீழே போடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்படியானால் ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தங்கையின் பக்கம் திரும்பியிருந்தார். அவளை நேராகப் பார்க்காமல் காலடியில் கிடந்த காப்பிக்கொட்டையிடம் பேசினார்.

“பெருமாள்மலை வளைவுல என் துண்டு பறந்துச்சு. உன்னையக் கூப்பிட்டேன். அதுக்கப்புறம் சும்மாவும் கூப்பிட்டுப் பாத்தேன். பூம்பாறை வர்ற வரைக்கும் ஒரு தடவகூட நீ திரும்பலையே தாயி. கார்ல ஏறுனதும் அண்ணன் ஆகாமப் போயிட்டானாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவள் முகம் மாறியது. “கேட்டுச்சுண்ணே” என்றாள். “வண்டில ஏறுறப்ப அத்தை, இவுக அம்மா, சொன்னாக. கெளம்புன பொண்ணு புகுந்த வீட்டு வாசப்படி ஏறுற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாதாம். பாத்தா பொறந்த வீட்டுக்கு ஆகாதாம். எனக்குப் பொறந்த வீடுன்னா நீ ஒருத்தன்தானே.”

அவர் காலால் தள்ளுவதை நிறுத்தினார்.

“வாசப்படி ஏறுன ஒடனே திரும்புனேன்” என்றாள் அவள். “நீ இல்ல.”

பெண்கள் இல்லாத வீடு அது. பெண் கிளம்பும்போது என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. அண்ணனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவளை, தன்னை மதிக்காமல் வந்தாள் என்று அவர் நினைத்தார். வாசலில் ஒரு நிமிஷம் நிற்காமல் போனவரை, தலை முழுகிவிட்டுப் போனார் என்று இவள் நினைத்தாள். நடுவில் நான் எல்லாவற்றுக்கும் என் வண்டியே காரணம் என்று ஆறு வருஷம் பெருமையாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்ததற்கும் நான் வண்டி ஓட்டிய அழகுக்கும் சம்பந்தமில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

மச்சான் தங்கை கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவி, வேறு சட்டை போட்டிருந்தார். ஒரு மலைவாழைத் தாரைத் தோளில் வைத்திருந்தார். மூன்று பேராகப் போகக் கூடாது, நாலாவது ஆளாக இது இருக்கட்டும் என்றார். இந்தச் சாஸ்திரம் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் டிக்கி மேலே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, ஓட்டுகிறவன் பின்னால் உட்கார முடியாதே என்று ஒரு கணம் யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அண்ணனும் தங்கையும் ஒரே சீட்டில் இடித்துப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். வாழைத்தார் சாக்கின் மேல் ஏறியது. நான் கியர் போடவேண்டுமானால் மச்சான் முழங்காலைத் தூக்கவேண்டும். நான் தொட்டால் தூக்குவார், மற்றபடி நான் அங்கே இருப்பது அவர்களுக்கு ஞாபகம் இல்லை. செத்துப்போன பசுமாடு, சித்தப்பாவின் இருமல், விழுந்துபோன பலாமரம் என்று வழி நெடுகப் பேசினார்கள். கொடைக்கானல் பஜாரில் மறுபடி எல்லோரும் வெளியே வந்து சிரித்தார்கள். இந்தத் தடவை நான் ஹாரன் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். அவள் முறத்தில் பூண்டு புடைத்துக்கொண்டே யோசித்துப் பார்த்தாள்.

“நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன்” என்றாள். “பொண்ணு கெளம்புறப்ப ஆளுக்கு ஒண்ணு சொல்றதுதான். அதையெல்லாம் ஒருத்தி கேக்கவா செய்வா?”

குறித்த நாளில், கோயிலில், வெள்ளனே காது குத்தினோம். பேசி வைத்திருந்த ஒன்றுவிட்ட மாமன் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார். என் பெண் இன்னும் பழகாத தாய்மாமன் மடியில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்து, வாழைப்பழத்தைக் காட்டியதும் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் போட்ட கத்தலில் கோயில் வாசலில் இருந்தவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். நான் தலையைப் பிடித்தேன், அம்மா கைகளைப் பிடித்தாள். மச்சானுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தையை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை அம்மா அம்மா என்று அலறியது. அம்மாக்காரி எதிரிலேயேதான் நின்றாள். அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.